ஒரு சதுர அங்குலப் பின்னல்

மூன்று வாரமாக ஒரு சதுர அங்குலத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

அந்தச் சதுர அங்குலம் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலில் இருக்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் என்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த துறவியர் மடத்தில் எழுதப்பட்ட நூல் இது. மத்தேயு நற்செய்தி தொடங்குவதற்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் வருகிறது. அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. நடுவில் ஒரு சிலுவை. பக்கம் முழுக்க ஒன்றையொன்று கவ்வியபடி பின்னிக் கிடக்கும் விலங்குகளும் பறவைகளும். தூரத்திலிருந்து பார்த்தால் விரித்துப் போட்ட கம்பளம். அதனால்தான் கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் ‘கம்பளப் பக்கம்’ என்கிறார்கள். அதன் ஒரு மூலையைத்தான் கட்டம் போட்ட தாளில், பென்சிலும் கவராயமும் வைத்துக்கொண்டு, பெரிதாக்கி வரைந்து பார்க்கிறேன்.

இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு பேச்சுதான் காரணம். என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஓவிய ஆசிரியர். இந்த நூலின் படங்களை அவரிடம் ஒருநாள் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்தக் காலத்துல இவங்களுக்கு ஆள் வரைய வரலைப்பா. அதனாலதான் பக்கம் பூரா நெளிநெளியா நிரப்பி வச்சிருக்காங்க.”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது தவறு என்று மட்டும் உறுதியாகத் தோன்றியது. படிக்கப் படிக்க, வரைய வரைய, அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ரோமப் பேரரசு சரிந்த பிறகான சில நூற்றாண்டுகளை ‘இருண்ட காலம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தின் ஒரு துண்டுதான் என் நண்பரின் வாக்கியமும். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

ஐம்பது பவுன் பக்கிள்

இந்தப் பின்னலின் கதை புத்தகத்தில் தொடங்கவில்லை. இடுப்பு வாரில் தொடங்குகிறது.

ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் அதன் எல்லைப் படைகளில் இருந்தவர்கள் அணிந்த வார்களில் வெண்கலப் பட்டைகள் இருந்தன. மரத்தைச் செதுக்குவது போலச் சரிவுச் சரிவாக வெட்டப்பட்ட பட்டைகள் அவை. ஒவ்வொரு சரிவிலும் வெளிச்சம் ஒவ்வொரு விதமாகப் பட்டுத் தெறிக்கும். அவற்றின் ஓரங்களில் சின்னச் சின்ன விலங்குகள் பதுங்கி உட்கார்ந்திருக்கும். வடக்கே இருந்த ஜெர்மானிய மக்களின் கைகளுக்கு இந்தப் பாணி போனதும், ஓரத்தில் இருந்த விலங்குகள் உள்ளே வந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்டன. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை துண்டு துண்டாகத் தெரியும்: ஒரு கண், ஒரு தொடை, ஒரு நகம். 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உடல்கள் நாடா போல நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொண்டன. பெர்ன்ஹார்ட் சாலின் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1904இல் இவற்றை முதல் பாணி, இரண்டாம் பாணி, மூன்றாம் பாணி என்று வகைப்படுத்தினார். இன்றுவரை அந்த வகைப்பாட்டை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இரண்டாம் பாணியின் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 41ஆம் அறையில் இருக்கும் ஒரு தங்க பக்கிள். சஃபோக் வட்டாரத்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் எடித் பிரிட்டி என்ற பெண்மணி தன் நிலத்தில் இருந்த மண்மேடுகளைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். தோண்டியவர் பேசில் பிரவுன். முறையாகத் தொல்லியல் படித்தவர் இல்லை. ஆனால் மண்ணை வாசிக்கத் தெரிந்தவர். 1939இல் ஒரு மேட்டுக்கு அடியில் 27 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றின் தடம் கிடைத்தது. மரமெல்லாம் மக்கிப்போயிருந்தது. இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை கலையாமல் மணலில் நின்றன. கப்பலின் நடுவே, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெரிய மனிதரின் உடைமைகள். கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் ரேட்வால்ட் என்பவராக இருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. இரண்டாம் உலகப் போர் மூளப்போகும் நாட்களில் வெளிவந்த அந்தப் புதையல் முழுவதையும் எடித் பிரிட்டி நாட்டுக்கே கொடுத்துவிட்டார்.

அந்த பக்கிளின் நீளம் 13 சென்டிமீட்டர். எடை 412 கிராம். நம் கணக்கில் ஐம்பது பவுனுக்கு மேல். நான் முதல் தடவை பார்த்தபோது அதன் எடைதான் கண்ணில் பட்டது. அழகான முடிச்சு வேலை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இரண்டாவது தடவை போனபோதுதான், அருகில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு நின்றேன். அந்த முடிச்சுகளுக்குள் 13 உயிரினங்கள் இருக்கின்றன.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் கண்ணைத் தேட வேண்டும். ஒரு சின்ன வட்டம். கண் கிடைத்தால் பக்கத்தில் தாடை இருக்கும். தாடை எதையோ கவ்வியிருக்கும். பெரும்பாலும் அது இன்னொரு விலங்கின் உடல், சில சமயம் தன் உடலே. கண்ணிலிருந்து பின்னால் போனால் கழுத்து நாடாவாக நீளும். அந்த நாடா மேலே போகும், கீழே போகும், மறையும், வெளிவரும். கடைசியில் பேரிக்காய் வடிவில் ஒரு தொடையும், அதிலிருந்து ஒரு காலும், நகமும் வரும். ஓர் உயிர் முடிந்தது. அடுத்த கண்ணைத் தேட வேண்டியதுதான்.

அன்று அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் முக்கால் மணி நேரம் நின்றேன். ஒரு முடிச்சு விலங்காக மாறும் அந்தக் கணம் வந்த பிறகு, திரும்பவும் அதை வெறும் முடிச்சாகப் பார்க்க முடியவில்லை.

அதே அறையில் உள்ள தலைக்கவசத்திலும் இதே விளையாட்டுதான். மனித முகம் என்று நினைப்போம். புருவம், மூக்கு, மீசை எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புருவங்கள் சிறகுகளாகும், மூக்கு உடலாகும், மீசை வாலாகும். ஒரு பறவை அந்த முகத்தில் மேல்நோக்கிப் பறக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே உலோகத்தில். பெரிய கல் கட்டடங்கள் எழுப்பாத மக்கள் அவர்கள். அரசன் வீரனுக்குக் கொடுக்கும் வாளிலும் வாரிலும்தான் செல்வமும் விசுவாசமும் கலையும் சேர்ந்து இருந்தன. கையில் எடுத்து, அசைத்து, தீ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கச் செய்த கலை அது.

காபெர் துறையிலிருந்து ஒரு சிவப்புக் கல்

சட்டன் ஹூ நகைகளின் இன்னொரு அதிசயம் சிவப்பு. தோளில் உடையைப் பிணைக்கும் கொக்கிகள், பணப்பையின் மூடி, வாளின் பிடி எல்லாவற்றிலும் கார்னெட் கற்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்பட்டு, தங்கத் தகட்டால் செய்த சின்னஞ்சிறு அறைகளுக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அறையின் வடிவத்துக்கும் ஏற்பக் கல்லைத் தனித்தனியாக அறுத்திருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் மெல்லிய தங்கத் தாள். அந்தத் தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்கட்டங்களை அச்சாகப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்குள் நுழையும் ஒளி அந்தக் கட்டங்களில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். கல் உள்ளிருந்து எரிவது போல இருப்பதற்குக் காரணம் அதுதான். தலைக்கவசத்தின் ஒரு புருவத்தில் மட்டும் அந்தத் தங்கத் தாள் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் அதை அணிந்தவருக்கு ஒரு கண் மட்டும் ஒளிர்ந்திருக்கும். ஒற்றைக்கண் கடவுளான ஓடினை நினைவூட்டவே அப்படிச் செய்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கற்கள் எங்கிருந்து போயின? பாரிஸை அடுத்த சான் தெனி பேராலயக் கல்லறைகளில் கிடைத்த பிராங்கிய நகைகளை லூவ்ர் அருங்காட்சியக வளாகத்து ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கியைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுகளின் கற்களில் பெரும்பங்கு இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவை என்று தெரிந்தது. 7ஆம் நூற்றாண்டில் அந்த வரத்து குறைந்து, மத்திய ஐரோப்பாவின் பொஹீமியாவில் கிடைத்த சிறிய கற்களின் பங்கு கூடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. அலெக்சாந்திரியா நகரத்து வணிகரான கோஸ்மாஸ் 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். அதில் இலங்கைக்கு அப்பால் உள்ள துறைகளை வரிசையாகச் சொல்லும்போது, ‘காபெர்’ என்ற துறை ‘அலபண்டினம்’ ஏற்றுமதி செய்கிறது என்கிறார். செந்நிறக் கார்னெட்டின் பழைய பெயராக அலபண்டினத்தைக் கொள்கிறார்கள். இன்று கல் வியாபாரிகள் சொல்லும் ‘அல்மண்டைன்’ அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். காபெர் எது? காவிரிப்பூம்பட்டினம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வடகடல் ஓரத்துப் பொற்கொல்லனின் பட்டறைவரை நீண்ட ஒரு வணிகச் சங்கிலியின் இந்த முனை நம் கடற்கரையில் இருந்திருக்கிறது. ‘இருண்ட காலம்’ என்று நாம் சொல்லும் காலத்தில்தான் அந்தக் கற்கள் இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கின்றன.

உலோகத்திலிருந்து தோலுக்கு

சட்டன் ஹூவின் தோள் கொக்கிகளை நன்றாகப் பாருங்கள். நடுவில் படிக்கட்டு வடிவக் கற்கள் நிறைந்த ஒரு செவ்வகம். அதைச் சுற்றிப் பின்னிய விலங்குகளால் ஆன ஒரு கரை. அந்தச் செவ்வகத்தைப் புத்தகப் பக்கத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் கம்பளப் பக்கம் வந்துவிடும்.

வந்தும்விட்டது. அயர்லாந்துக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அன்று ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகக் காரணம் இருந்தது. நார்தம்பிரியாவின் அரசர் ஆஸ்வால்ட், பதவிக்கு வருமுன் அயர்லாந்துத் துறவிகள் நடுவே அகதியாக வளர்ந்தவர். அரசரானதும் அயோனா தீவு மடத்திலிருந்து ஒரு துறவியை அனுப்பச் சொல்லிக் கேட்டார். வந்தவர் ஏய்டன். 635இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தொடங்கியவர் அவர்தான். அயர்லாந்தின் பழைய கெல்டிக் சுருள்கள், ஆங்கிலோ சாக்சன் பொற்கொல்லரின் விலங்குகள், மத்தியதரைக் கடல் நாடுகளின் தரைச் சித்திரங்களில் இருந்த கயிற்றுப் பின்னல் மூன்றும் ஒரே மேசையில் சந்தித்தது அதன் பிறகுதான்.

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த டரோ நூல் என்ற இன்னொரு நற்செய்தி நூலில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் வரும் விலங்குகளின் வரிசையைத் தங்கத்தில் வார்த்தால் சட்டன் ஹூவில் வைத்துவிடலாம். அதே நூலில் மத்தேயுவின் அடையாளமாக வரும் மனிதனுக்குக் கைகளே இல்லை. கட்டம் கட்டமான ஒரு மேலங்கி, மேலே தலை, கீழே பாதங்கள். என் நண்பர் இதைப் பார்த்தாலும் ஆள் வரைய வரவில்லை என்றுதான் சொல்வார். அந்த மேலங்கியின் கட்டங்களைப் பாருங்கள். நிறக் கண்ணாடித் துண்டுகளை அறை அறையாகப் பதித்த நகை வேலை அது. வரைந்தவர் மனதில் பொற்கொல்லர் செய்த ஒரு பொருள் இருந்திருக்கிறது. ஒரு மனிதனைப் புனிதமாக்க அவருக்குத் தெரிந்த மிக உயர்ந்த வழி, அவனை ஒரு நகையாக ஆக்குவது.

அவர்களுக்கு ஆள் வரையத் தெரியும்

என் நண்பருக்கு நான் காட்ட நினைக்கும் மிக வலுவான சான்று வேறொரு நூல். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கும் அமியாட்டினஸ் விவிலியம். 1,030 தோல் ஏடுகள், 34 கிலோ எடை. இலத்தீன் விவிலியம் முழுவதுமாகக் கிடைக்கும் பிரதிகளில் இதுதான் மிகப் பழையது. அதன் தொடக்கத்தில் எஸ்ரா என்ற மறைநூல் வல்லுநர் உட்கார்ந்து எழுதும் ஓவியம் ஒன்று உண்டு. மடிப்பு மடிப்பான உடை, நிழல், பின்னால் புத்தக அலமாரி, தரையில் சிதறிய எழுதுகருவிகள். ரோமாபுரியின் பழைய ஓவிய மரபு அப்படியே. நெடுங்காலம் இதை இத்தாலியில் வரைந்தது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காணிக்கைப் பக்கத்தில் ஒரு பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதியிருப்பதைக் கவனித்தார்கள். அடியில் இருந்த பெயர் கியோல்ஃப்ரித். லிண்டிஸ்ஃபார்னுக்குத் தெற்கே, அதே நார்தம்பிரியாவில், வேர்மவுத் ஜாரோ மடத்தின் தலைவர். 716இல் இந்த நூலைப் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு கிளம்பி, வழியிலேயே பிரான்சின் லாங்கர் நகரில் இறந்துபோனவர்.

ஒரே நாடு, ஒரே தலைமுறை. லிண்டிஸ்ஃபார்ன் நூலிலும் மத்தேயு உட்கார்ந்து எழுதும் படம் இருக்கிறது. எஸ்ராவும் மத்தேயுவும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே மூலப் படத்தை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள் என்பது தெளிவு. ஆனால் லிண்டிஸ்ஃபார்ன் ஓவியர் நிழலை எடுத்துவிட்டார். அலமாரியை எடுத்துவிட்டார். உடையின் மடிப்பைக் கூர்மையான கோடுகளாக்கினார். மீதி இருந்த தன் உழைப்பையெல்லாம் அடுத்து வரும் கம்பளப் பக்கத்திலும், அதற்கு எதிரே உள்ள தொடக்க எழுத்திலும் கொட்டினார்.

இது இயலாமை ஆகாது. இது தேர்வு. ரோமாபுரிப் பாணி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பார்த்தார், வேண்டியதை எடுத்துக்கொண்டார், மீதியை விட்டார். மனித உருவம் சொல்ல முடியாத ஒன்றைப் பின்னல் சொல்லும் என்று அவர் நம்பினார். அலங்காரத்தை நாம் இரண்டாந்தரமாக, படத்தைச் சுற்றி இருக்கும் கரையாக நினைத்துப் பழகிவிட்டோம். அவருக்கு அலங்காரமே படம்.

ஏட்ஃப்ரித்தின் மேசை

அந்த ஓவியரின் பெயரும் நமக்குத் தெரியும். 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு நூலின் கடைசியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். எழுதியவர் ஏட்ஃப்ரித், தைத்துக் கட்டியவர் ஏத்தல்வால்ட், பொன்னும் மணியும் பதித்த மேலட்டை செய்தவர் பில்ஃப்ரித் என்ற தனிமைத் துறவி. இலத்தீன் வரிகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் பழைய ஆங்கிலப் பொருளைச் சேர்த்தவர் ஆல்ட்ரெட் தானே. இன்று நம் கைக்குக் கிடைக்கும் ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் அதுதான் முதலாவது. ஏட்ஃப்ரித் 698 முதல் 721 வரை அந்தத் தீவின் ஆயர். நிர்வாகம், வழிபாடு, பனி, கடற்காற்று இவற்றுக்கு நடுவே 259 ஏடுகளையும் ஒருவரே எழுதி வரைந்திருக்கிறார். பத்து ஆண்டுகள் வரை பிடித்திருக்கலாம் என்பது இந்த நூலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த மிஷெல் பிரவுனின் கணிப்பு.

எழுதியது கன்றுத்தோலில். ஏறத்தாழ 150 கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும். ஏடுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் அவர் வேலை செய்த விதம் தெரிகிறது. கவராயத்தின் முள் குத்திய துளைகள், கீறிய கட்டங்கள், ஈயக் குச்சியால் போட்ட முன்வரைவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பின்பக்கத்தில் வரைந்துவிட்டு, விளக்கையோ சன்னல் வெளிச்சத்தையோ பின்னால் வைத்து, தோலின் ஊடே தெரியும் கோட்டைப் பார்த்து முன்பக்கத்தில் வண்ணம் தீட்டியிருப்பார் என்கிறார் பிரவுன்.

நானும் கட்டத்திலிருந்துதான் தொடங்கினேன். ஸ்காட்லாந்தின் ஓவிய ஆசிரியர் ஜார்ஜ் பெய்ன் 1951இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பின்னல்களைப் படிப்படியாக வரையும் வழியைச் சொல்லியிருக்கிறார். புள்ளிகளை வைத்து, சாய்கோடுகளைப் போட்டு, எங்கே இழை திரும்ப வேண்டுமோ அங்கே கோட்டை முறிக்க வேண்டும். சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இதுவரை எளிதில் பிடிபடும். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. ஒவ்வொரு இழையும் ஒருமுறை மேலே போனால் அடுத்த சந்திப்பில் கீழே போக வேண்டும். மேல், கீழ், மேல், கீழ். ஓரிடத்திலும் பிசகக் கூடாது.

இதில் ஓர் அழகான கணித உண்மை இருக்கிறது. மூடிய இழைகளால் ஆன எந்தப் பின்னலையும் இப்படி மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, முரண்பாடே வராமல் வரைந்து முடித்துவிட முடியும். அப்படியானால், சுற்றி வந்து சேரும்போது கணக்கு பொருந்தவில்லை என்றால், பின்னலில் குறை இல்லை; வழியில் எங்கோ நான்தான் கவனம் தவறியிருக்கிறேன். எனக்கு இது நான்கு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினேன். ஒரு தடவை, கதவு மணி அடித்ததும் எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்த இடத்தில்தான் பிசகு இருந்தது.

அப்போதுதான் அந்த மடத்துத் துறவிகள் இதை ஏன் செய்தார்கள் என்று கொஞ்சம் விளங்கியது. ஜெபத்தில் மனம் எங்கே அலைந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். பின்னல் காட்டிக்கொடுத்துவிடும். கையும் கண்ணும் மனமும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால் இழை சேராது. லூக்கா நற்செய்தியின் தொடக்கப் பக்கத்தில் எழுத்துகளைச் சுற்றி 10,000க்கும் மேல் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வைத்திருக்கிறார் ஏட்ஃப்ரித். ஒவ்வொன்றும் கையால் வைத்த புள்ளி. அதை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவுரி நீலமும் அரிதாரமும்

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல்லைப் பொடித்துத்தான் லிண்டிஸ்ஃபார்னின் நீலத்தைச் செய்தார்கள் என்று பல காலம் எழுதி வந்தார்கள். 2004இல் வெளியான லேசர் ஆய்வு அதை மறுத்தது. அது அவுரியில் கிடைக்கும் அதே நீலச் சாயம். வட ஐரோப்பாவில் அதைத் தரும் செடி வோட். அதாவது உள்ளூர் வயலில் விளைந்த நீலம். கெல்ஸ் நூலிலும் பின்னர் இதே முடிவுதான் வந்தது.

800ஆம் ஆண்டை ஒட்டி உருவான அந்தக் கெல்ஸ் நூல் இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 340 ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன. பார்க்கும்போது தங்கம் போலத் தகதகக்கும். ஆனால் அதில் தங்கமே கிடையாது. அந்த மஞ்சள், அரிதாரம். நம் கூத்துக் கலைஞர்களின் முகப்பூச்சுக்குப் பெயர் கொடுத்த அதே கனிமம். சிவப்பு, ஈயச் செந்தூரம். பச்சை, செம்பிலிருந்து எடுத்தது. எழுத்து மைக்கு மாசிக்காயும் அன்னபேதியும். நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் சரக்குகளை வைத்து உலகின் மிக நுட்பமான பக்கங்களைச் செய்திருக்கிறார்கள்.

கெல்ஸின் 34ஆம் ஏட்டில் கிறிஸ்துவின் பெயரின் கிரேக்க முதலெழுத்துகள் முழுப் பக்கத்தையும் நிறைக்கின்றன. சுருளுக்குள் சுருள், அதற்குள் இன்னொரு சுருள். அத்தனை மகத்துவத்துக்கும் அடியில், எழுத்தின் காலடியில், இரண்டு எலிகள் ஒரு அப்பத்தைக் கடிக்கின்றன. பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஒரு நீர்நாய் மீனைக் கவ்வியிருக்கிறது. மேலே ஒரு மூலையில் அந்துப்பூச்சிகள். மடத்தில் அன்றாடம் கண்ட உயிர்களைக் கடவுளின் பெயருக்குள் கூட்டி வந்திருக்கிறார் ஒருவர். ஆள் வரைய வராதவர் செய்யும் வேலையா இது?

பிறகு நடந்தது

793இல் வைக்கிங் கொள்ளையர் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்கினார்கள். 806இல் அயோனாவில் 68 பேரைக் கொன்றார்கள். 875இல் லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் தங்கள் புனிதர் கத்பர்ட்டின் உடலோடு தீவை விட்டே கிளம்பிவிட்டார்கள். கெல்ஸ் நூல் 1007இல் திருடுபோய், பொன் அட்டை உரிக்கப்பட்டு, புல்தரைக்கு அடியில் கிடைத்தது. பில்ஃப்ரித் செய்த மேலட்டையும் மறைந்துவிட்டது. பொன் மதிப்புள்ளவற்றைப் பொன்னாசை கொண்டுபோனது. தோலும் மையும் தப்பித்தன.

ஆனால் அந்த வைக்கிங்குகளின் கையிலும் இதே விலங்குகள்தான் பின்னிக்கொண்டிருந்தன. நார்வேயின் ஊர்னஸ் மரத் தேவாலயத்தின் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ஒல்லியான விலங்கும் பாம்புகளும் இன்னும் ஒன்றையொன்று கவ்வியபடி இருக்கின்றன. எரித்தவர், எரிபட்டவர் இருவருக்கும் ஒரே அலங்கார மொழி. வாரின் ஓரத்தில் பதுங்கியிருந்த அந்தச் சின்ன விலங்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு உயிரோடு இருந்திருக்கிறது.

நண்பருக்கும் உங்களுக்கும்

லிண்டிஸ்ஃபார்ன் நூலில் சில சின்ன இடங்கள் முடிக்கப்படாமல் இருக்கின்றன. 721இல் ஏட்ஃப்ரித்தின் மரணம் குறுக்கிட்டதால் இருக்கலாம் என்கிறார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் யாரும் அந்த இடங்களை வேறு கையால் நிரப்பி முடிக்கவில்லை.

என் சதுர அங்குலத்தில் இன்னும் இரண்டு பறவைகள் பாக்கி. முடித்ததும் அந்தத் தாளை என் நண்பருக்குக் கொடுக்கப் போகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது அதைவிட எளிது. கெல்ஸ் நூலின் எல்லாப் பக்கங்களையும் டிரினிட்டி கல்லூரி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 34ஆம் ஏட்டைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, ஏதாவது ஒரே ஒரு இழையைத் தேர்ந்தெடுங்கள். விரலை வைத்து, அது மேலே போகும்போதும் கீழே போகும்போதும் விடாமல் தொடருங்கள். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்வரை எழுந்திருக்காதீர்கள். பத்து நிமிடம் பிடிக்கும். அதன் பிறகு அந்தக் காலத்தை இருண்ட காலம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.